அங்கிள் அனுப்பிய பச்சை விறகு

"வெளியே பனி, உள்ளே விறகு அடுப்பு, கையில் காபி, எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படிச் சொல்பவர்கள் யாரும் விறகை வைத்து ஒரு வீட்டைச் சூடாக்கியவர்கள் இல்லை. டெக்சாஸில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலும் முன்னறையில் ஒரு ஃபயர்ப்ளேஸ் உண்டு. சுவரில் ஸ்விட்சைத் தட்டினால் பொய் விறகுகளுக்கு நடுவில் கேஸ் எரியும். விருந்துக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் அந்த ஸ்விட்சைத் தொடுவதில்லை. நியூ ஜெர்சியில் ஒரு குளிர்காலம் முழுக்க நெருப்போடு மல்லுக்கட்டியது போதும்.

கம்ப்யூட்டருக்கு இரண்டாயிரம் பிறந்தால் என்ன ஆகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தின் புண்ணியத்தில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அமெரிக்கா வந்தவர் என் கணவர். அவருக்குப் பின்னால் நான் வந்தேன், இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தையோடு. அவரை வரவழைத்தவர் ஒரு தமிழர். முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். ஊரிலிருந்து இன்ஜினியர்களைக் கூட்டிவந்து பெரிய கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்புவது அவர் தொழில். எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் விசா அவர் கம்பெனி பேரில் இருந்தது. நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையதுதான். இந்த இரண்டும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வீடு வெஸ்ட் வின்ட்சருக்கு வெளியே, சோளம் அறுத்த வயல்களின் ஓரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் விவசாயி வீடாக இருந்திருக்கும். மாடியில் இரண்டு அறை, கீழே முன்னறை, பின்னால் சமையலறை, அடியில் பேஸ்மென்ட். வாடகை அவரே என் கணவரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

"அக்ரிமென்ட் ஏதாவது போட்டுக்கலாமா அங்கிள்?" என்று என் கணவர் கேட்டார்.

"நமக்குள்ள எதுக்குப்பா பேப்பர்?" என்று அங்கிள் அவர் தோளில் தட்டினார்.

என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. நமக்குள்ள என்று ஒரு பெரிய மனுஷன் சொல்லிவிட்டார். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நாங்கள் குடிபோனது அக்டோபர். இரண்டாவது வாரம் பேஸ்மென்டில் இருந்த ஆயில் ஃபர்னஸ் நின்றுவிட்டது. அதுதான் வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்புவது. அங்கிள் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரு பார்ட் போயிடுச்சு. ஆர்டர் பண்ணிடறேன். டூ வீக்ஸ்ல வந்துடும். அதுவரைக்கும் ஸ்டவ் இருக்கே."

முன்னறையில் ஒரு விறகு ஸ்டவ் இருந்தது. கறுப்பு இரும்பு. குட்டை பீரோ உயரம். கண்ணாடி வைத்த கதவு. மேலே புகைக்குழாய் போய்ச் செங்கல் சிம்னிக்குள் நுழையும். கதவுக்குக் கீழே ஒரு கைப்பிடி. இழுத்தால் உள்ளே காற்று போகும், தள்ளினால் காற்று அடைபடும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா முழிக்கிற? ஊர்ல விறகடுப்பு பார்த்து வளர்ந்த பொண்ணு. உனக்கு நான் சொல்லித்தரணுமா?" என்றார் அங்கிள்.

எங்கள் வீட்டில் நான் ஆறாவது படிக்கும்போதே கேஸ் வந்துவிட்டது. விறகு எரிந்தது கொல்லையில், குளிக்க வெந்நீர் போடும் அடுப்பில் மட்டும். அதையும் இதையும் ஒன்று என்று நினைத்துப் பேசினார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு அனுபவித்தேன், பின்னால் சொல்கிறேன்.

இரண்டு வாரம் போயிற்று. நான்கு வாரம் போயிற்று. பேஸ்மென்டில் கிடந்த பழைய விறகும் தீர்ந்தது. பார்ட் வரவில்லை. விறகுதான் வந்தது. அங்கிளின் பெரிய வீட்டுத் தோட்டத்தில் மரம் வெட்டியிருந்தார்கள். அந்தத் துண்டுகளை ஒரு டிரக்கில் போட்டு எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். அங்கிளும் பின்னாலேயே காரில் வந்தார், தர்மம் செய்தவர் முகத்தோடு. நான் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈரக் கனம் கனத்தது. பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை.

"அங்கிள், இது பச்சை விறகுங்க. எரியாதுங்க."

"எரியாதுங்களா?" என் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரித்தார். "கோயம்புத்தூர் பக்கம்னு ஒரே வார்த்தையில கண்டுபிடிச்சிடலாம். ஒரு வாரம் வெளியில கிடந்தா காய்ஞ்சிடும்மா."

"தினம் மழையும் பனியுமா இருக்குதுங்களே. எப்படிங்க காயும்?"

"அப்ப ஸ்டவ் பக்கத்துல அடுக்கி வை. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி வெச்சிருக்க. ஃப்ரீயா வர்றதும்மா இது."

என் கணவர் பக்கத்தில் நின்று, "தேங்க்ஸ் அங்கிள்" என்றார்.

அந்த வீட்டில் என் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை ஆறரைக்கு என் கணவர் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலுக்குப் போய்விடுவார். நியூயார்க் ஆபீசில் ஹீட்டர் உண்டு. இங்கே நானும் குழந்தையும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நடந்து போக அந்தச் சாலையில் ஓரமே கிடையாது. முதலில் சாம்பல் வாருவேன். பிறகு குழந்தையைத் தொட்டிலில் விட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு, வெளியே போய்ப் பனியைத் தட்டி விறகு எடுத்துவருவேன். நான்கு நடை. அதற்குள் குழந்தை அழுது அழுது மூக்கு ஒழுக்கியிருக்கும். விறகை உள்ளே வைத்தால் முனைகளில் நுரை தள்ளும், சீறும், புகையும். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வாய்ப் புகை அறைக்குள் வரும். ஒரு மணி நேரம் ஊதி, விசிறி, பழைய பேப்பரைத் திணித்து, ஒருவழியாகப் பிடித்ததும் அதை அணையவிடாமல் காக்க வேண்டும். குளிக்கப் போனால்கூடக் காது அதன் மேலேயே இருக்கும்.

அவ்வளவும் செய்து சூடாவது ஒரு அறை. மாடியில் ஜன்னலோரம் வைத்த தம்ளர் தண்ணீரில் ஒருநாள் காலை மெல்லிய ஐஸ் ஆடை கட்டியிருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவினால் விரல் மரத்துவிடும். படுக்கையைக் கீழே கொண்டுவந்து, மூன்று பேரும் முன்னறையிலேயே கிடந்தோம். ஸ்டவ் பக்கத்தில் இட்லி மாவு வைத்தால் மட்டும் ஊரில் போலவே பொங்கி வழியும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வரும். மாவுக்குக் கிடைத்த சூடு குழந்தைக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் வைத்தால் சுட்டுவிடும், தள்ளி வைத்தால் குளிரும். அதுவோ அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. வெளிச்சத்தைப் பார்த்து நேரே ஸ்டவ்வுக்குத்தான் போகும். ஊரிலிருந்து கொண்டுவந்த நான்கு பெரிய பெட்டிகளை நிற்க வைத்து, கயிற்றால் சேர்த்துக் கட்டி, ஸ்டவ்வைச் சுற்றி வேலி போட்டேன்.

டிசம்பரில் குழந்தைக்கு இருமல் பிடித்தது. வழக்கமான சளி என்று நினைத்தேன். பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் என்ன ஹீட்டிங் என்று முதல் கேள்வியாகக் கேட்டார். என் கணவர் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நெஞ்சுக்குப் புகை ஆகவே ஆகாது, வீடு முழுக்க ஒரே சீரான சூடு வேண்டும், முதலில் ஃபர்னஸைச் சரிசெய்யுங்கள், நான் எழுதித்தரும் மருந்து அப்புறம்தான் வேலை செய்யும் என்றார். அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அங்கிளுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். போன் சத்தம் எனக்கும் கேட்டது.

"பழைய மாடல்ப்பா. பார்ட் கிடைக்கவே மாட்டேங்குது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"இல்ல அங்கிள், இல்ல அங்கிள்."

"குழந்தைங்கன்னா இருமத்தான் செய்யும். என் பசங்க இருமாத இருமலா?"

என் கணவர் போனை வைத்தார். மறுநாள் சாயங்காலம் நான் ஆரம்பித்தேன்.

"இன்னொரு தடவை கேளுங்க."

"நேத்துதான கேட்டேன்."

"இன்னைக்குக் கேளுங்க."

"கிரீன் கார்டுக்கு நம்ம பேப்பரை ஃபைல் பண்ணப்போற நேரம் இது. தினம் போன் பண்ணி ஹீட்டர், ஹீட்டர்னா அவர் என்ன நினைப்பார்?"

"குளுருதுன்னு நினைப்பார்."

அவர் எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொண்டார். பயந்தவர்களோடு சண்டை போடுவது வீண் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாமல் தினமும் போட்டேன்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் விறகை எரிய விடுவதே தப்பு. வெந்நீர் கொதித்ததும் கட்டையை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்து, கரியை எடுத்து வைப்போம். அடுப்பில் சும்மா தீ எரிந்தால், யார் வீட்டுச் சொத்து எரிகிறது என்று கேட்பார்கள். அந்தப் புத்தி எனக்கு எலும்பில் ஊறியிருந்தது. அதனால் ஸ்டவ்வில் தீ பிடித்ததும் நான் அந்தக் கைப்பிடியைத் தள்ளிக் காற்றை அடைத்துவிடுவேன். கட்டை கனன்று கனன்று ஐந்து மணி நேரம் கிடக்கும். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. என் கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பச்சை விறகைக் காற்றில்லாமல் புகையவிட்டால், அந்தப் புகை குளிர்ந்த சிம்னிக்குள் தாராகப் படியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக ஒரு திரியை நானே உருட்டி உருட்டிச் சிம்னிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் அங்கிளின் மனைவி போன் செய்தார்.

"இந்த வருஷம் போகி உங்க வீட்லதாம்மா. இங்க யார் வீட்லயும் நிஜ நெருப்பு கிடையாது. வெளியில கொளுத்தினா போலீஸ் வருவான். அங்கிளுக்கு ரொம்ப ஆசை. சாட்டர்டே காலைல பத்து மணிக்கு வர்றோம்."

அங்கே போகி, பொங்கல், தீபாவளி எல்லாமே சனிக்கிழமைதான் வரும்.

"வாங்க ஆன்ட்டி. அந்த ஃபர்னஸ் பார்ட் வந்துருச்சான்னு அங்கிள்கிட்ட..."

"நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கும்மா? சர்க்கரைப் பொங்கல் நான் கொண்டு வந்துடறேன். நீ வடை மட்டும் போட்டுடு."

சனிக்கிழமை மூன்று கார் வந்தது. அங்கிள் வீடு, இன்னும் இரண்டு குடும்பம், பிள்ளைகளோடு பன்னிரண்டு பேர். வாசலில் ஷூ மலையாகக் குவிந்தது. ஆளுக்கொரு குப்பைப் பை. பழைய காலண்டர்கள், கிறிஸ்துமஸ் பரிசு சுற்றிய பளபளப்புத் தாள்கள், பீட்சா அட்டைப்பெட்டிகள், ஸ்கூல் நோட்டுகள், கிழிந்த பாய் ஒன்று. யாரும் வீட்டுக்குள் கோட்டைக் கழற்றவில்லை. "கொஞ்சம் சில்லுனு இருக்கு இல்ல?" என்று ஆன்ட்டி கேட்டார்.

என் பெட்டி வேலியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் அதை ஒதுக்கிவிட்டு ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்தார். காற்றுக் கைப்பிடியை முழுக்க இழுத்துவிட்டு, ஒரு பை தாளை அப்படியே உள்ளே திணித்தார். குப்பென்று பிடித்தது. அந்த அறை அவ்வளவு வெளிச்சமாகி நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். "இன்னும் போடுங்க தாத்தா, இன்னும்" என்று ஒரு குட்டிப் பையன் குதித்தான்.

"கொஞ்சம் கொஞ்சமா போடுங்க அங்கிள்" என்றேன்.

"போகிக்கு என்னம்மா கொஞ்சம் கொஞ்சம்? பழசு எல்லாம் போகட்டும்."

"அப்ப அந்தப் பழைய ஃபர்னஸையும் தூக்கிப் போட்டுருங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கணவரைப் பார்த்து, "உன் வைஃப் நல்லா பேசுதுப்பா" என்றார். என் கணவர் முகம் செத்துவிட்டது.

இரண்டாவது பையைப் போட்டார். மூன்றாவதைப் போட்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் வெளியே ஏதோ டிரக் போகிறது என்று நினைத்தோம். போகவில்லை. சத்தம் சுவருக்குள் இருந்து வந்தது, பாலத்துக்குக் கீழே நின்று ரயிலைக் கேட்பது போல. புகைக்குழாய் அதிர்ந்தது. அடிப்பக்கம் கறுப்பு போய்ச் சிவப்பாகிக்கொண்டு வந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து கதவை அறைந்து சாத்தி, கைப்பிடியைத் தள்ளிக் காற்றை அடைத்தேன். அது ஒன்றுதான் அந்த ஸ்டவ்வில் எனக்குத் தெரிந்த வேலை. அன்றைக்கு அது சரியாகவும் போயிற்று.

அந்த நேரம் வாசல் கதவை யாரோ இடித்தார்கள். எதிர்வீட்டு அமெரிக்கக் கிழவர். சிம்னி உச்சியில் நெருப்பு ஆள் உயரம் எரிகிறது, வெளியே வாருங்கள், 911 கூப்பிட்டுவிட்டேன் என்றார்.

"நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம், வீ ஆர் ஹாண்ட்லிங்" என்றார் அங்கிள்.

நான் குழந்தையை என் கோட்டுக்குள் போட்டுப் பித்தான் மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். மற்றவர்களும் வந்தார்கள். ஷூ மலைக்குள் அவரவர் ஜோடியைத் தேட நேரமில்லை. பட்டுப்புடவையும் சாக்ஸுமாக, பட்டு வேட்டியும் ஒற்றை ஷூவுமாக, பதினைந்து தமிழர்கள் பனியில் வரிசையாக நின்றோம். சிம்னியிலிருந்து பொறி பறந்து கூரைப் பனியில் விழுந்து கறுத்தது. குழந்தை கோட்டுக்குள் இருமிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இருமலும் என் வயிற்றில் இடித்தது.

ஃபயர் என்ஜின் சீக்கிரம் வந்துவிட்டது. ஏணி போட்டு மேலே ஏறினார்கள். உள்ளே எரிந்ததை இரும்பு வாளிகளில் அள்ளிப் பனியில் கொட்டினார்கள். அரைமணி நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கியது. சிம்னிக்குள் விரிசல் விட்டிருந்தது. வீடு தப்பித்தது. வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒரு அதிகாரி எங்களிடம் வந்து, யார் வீடு என்று கேட்டார். அங்கிள் முன்னால் வந்தார். காலில் யாருடைய ஷூவோ. இங்கிலீஷ் மட்டும் சுத்தமாக இருந்தது.

இது எங்கள் அறுவடைப் பண்டிகை, பழையதை எரிப்பது வழக்கம் என்றார். அதுவரை சரி.

வீட்டில் மற்ற நாட்களில் என்ன ஹீட்டிங் என்று அதிகாரி கேட்டார்.

"தே ப்ரிஃபர் தி வுட் ஸ்டவ்" என்றார் அங்கிள். ஊரில் இவர்கள் எல்லாம் விறகு அடுப்புக்குப் பழகியவர்கள், இவர்களுக்கு அதுதான் பிடிக்கும், இட் இஸ் தேர் கல்ச்சர் என்றார்.

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. எனக்கு இங்கிலீஷ் பேச வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கேட்டால் புரியும் என்று யாரும் நினைக்கவில்லை. மூன்று மாதம் பனியில் விறகு சுமந்து, சாம்பல் வாரி, கை வெடித்து, குழந்தையின் நெஞ்சில் விசில் கேட்டுக்கொண்டு கிடந்தது என் கல்ச்சராம். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நின்றேன். அதிகாரி நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"நோ சார்" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார்.

"ஹீட்டர் நாட் வொர்க்கிங். சின்ஸ் அக்டோபர். ஹி இஸ் ஓனர். ஹி சே பார்ட் கமிங், பார்ட் கமிங். நோ பார்ட். மை பேபி சிக். டாக்டர் சே நோ ஸ்மோக்."

எனக்கும் தெரியும், இலக்கணம் சரியில்லை என்று. கோட்டைத் திறந்து குழந்தையைக் காட்டினேன்.

"நீ சும்மா இரு" என்றார் என் கணவர், தமிழில், மெதுவாக.

"நீங்க சும்மாதான இருக்கறீங்க. அது போதும்" என்றேன்.

அதிகாரி அங்கிளைப் பார்த்து, அக்டோபரா என்று ஒரே வார்த்தை கேட்டார். அங்கிள் பழைய மாடல், பார்ட் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தார். அதிகாரி கேட்டுக்கொண்டே பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குளிர்காலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஹீட் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை, இது சட்டம், யாருடைய விருப்பமும் இல்லை என்றார். ஸ்டவ்வை இனித் தொடக் கூடாது என்று ஒரு தாள் ஒட்டினார். ஃபர்னஸ் ஓடும்வரை இந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது என்று அங்கிள் கையில் ஒரு தாள் கொடுத்தார். நமக்குள்ள பேப்பர் எதுக்கு என்றவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு அதிகாரி என்னிடமும் வந்தார். சிம்னியிலிருந்து சுரண்டிய ஒரு கட்டியைக் காட்டினார். கறுப்பாக, பளபளவென்று, தீய்ந்த வெல்லப்பாகு மாதிரி. ஈர விறகாலும் காற்றை அடைத்ததாலும் வந்தது, காற்றை அடைத்தது யார் என்றார்.

"மீ" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை.

எதிர்வீட்டுக் கிழவரும் அவர் மனைவியும் எங்களை இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் குழந்தைக்குப் போர்வை போர்த்திக்கொண்டே சொன்னார்: தினமும் உங்கள் சிம்னியில் புகையைப் பார்ப்போம், உங்களுக்கு விறகு அடுப்பு பிடிக்கும்போல என்று நினைத்துக்கொள்வோம். அவரை நான் என்ன சொல்ல? என் வாயை நான் திறக்கவில்லையே.

திங்கட்கிழமை காலை ஃபர்னஸ் ரிப்பேர் செய்பவர் வந்தார். நான் கூடவே பேஸ்மென்டுக்கு இறங்கி நின்றேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். வெளியே வேனுக்குப் போனார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமானை எடுத்துவந்து மாட்டினார். ஃபர்னஸ் முனகிக்கொண்டு கிளம்பியது. அவ்வளவுதான். நான் ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம்.

"திஸ் பார்ட், வெரி டிஃபிகல்ட் டு கெட்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். எப்போதும் வேனில் இரண்டு மூன்று வைத்திருப்பேன் என்றார். இந்த வீட்டுக்கு அக்டோபரிலேயே தங்களைக் கூப்பிட்டதாகவும், கிளம்பும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். வசந்த காலத்தில் வீட்டை இடித்து, நிலத்தைப் புது வீடுகள் கட்டுபவருக்கு விற்கப்போகிறாராம் ஓனர். இடிக்கிற வீட்டுக்கு ரிப்பேர் எதற்கு என்றாராம்.

மேலே வந்தேன். தரையில் இருந்த கம்பி ஓட்டைகள் வழியாகச் சூடான காற்று வந்துகொண்டிருந்தது. குழந்தையின் கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன், இரண்டாவது ஸ்வெட்டரையும் கழற்றினேன். வெறும் சட்டையோடு தரையில் விட்டேன். பெட்டி வேலி இல்லாத அறை. அது நேராக அந்தக் கம்பி ஓட்டைக்குத் தவழ்ந்து போய், காற்று முகத்தில் பட்டதும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்தது. எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

அடுத்த வாரம் அங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் நடந்தது. அங்கிளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ஊரிலிருந்து வரும் இளைஞர்களுக்கு நிழலாக இருப்பதற்காக. எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவரும் தட்டினார். நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை காலியாக இருந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன். சாப்பாட்டு வரிசையில் ஆன்ட்டி எனக்குப் பக்கத்தில் வந்தார்.

"அங்கிள் ரொம்ப மனசு கஷ்டப்பட்டுட்டார்மா. வெள்ளைக்காரன் முன்னாடி அப்படிப் பேசிட்டியே. நமக்குள்ள பேசித் தீர்த்துக்க வேண்டியது."

"குழந்தைக்கு இருமல் நின்னுருச்சுங்க ஆன்ட்டி" என்றேன்.

அவர் சாம்பார் வாளியிடம் திரும்பிக்கொண்டார்.

அங்கிள் எங்கள் பேப்பரை ஃபைல் செய்யவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்றார். அதுவும் அந்தப் பார்ட் மாதிரிதான். வசந்தத்தில் வீட்டைக் காலி செய்தோம். என் கணவர் டெக்சாஸில் வேறு கம்பெனி பிடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் கிரீன் கார்டு வந்திருக்கும் என்று இப்போதும் சில சமயம் சொல்வார். சொல்லட்டும். நான் சண்டைக்குப் போவதில்லை. எழுந்து போய், சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன்.